யூ மரம்: அவசரம் அறியாத மரமும் அதன் கட்டையும்

குளிர்ந்த மலைச்சரிவில் வளர்ந்த யூ மரத்தின் கிளை ஒன்றை, மணிக்கட்டுக் கனத்தில், குறுக்கே அறுத்துக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டு நிறங்கள். பட்டையை ஒட்டி, விரல் கனம்கூட இல்லாத வெளிர்மஞ்சள் வளையம். அதற்கு உள்ளே, யாரோ கோடு கிழித்துப் பிரித்ததுபோல, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நடுப்பகுதி. இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் தெரியும். ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் நாற்பது வளையங்கள்கூட நெருக்கியடித்துக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு வளையம் என்பதால், கைக்குள் அடங்கும் இந்தத் துண்டுக்கு ஐம்பது வயது ஆகியிருக்கலாம்.

இந்த மரத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், நான் அதன் மெதுவான வளர்ச்சியைத்தான் சொல்வேன். அதன் கட்டையின் உறுதி, அதன் நீண்ட ஆயுள், அதை வெட்டித் தீர்த்த மனிதர்களின் கதை ஆகிய எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

யூ என்பது ஒரே மரம் அல்ல, ஒரு குடும்பம். தாவரவியலில் இதன் பேரினத்தை டாக்சஸ் என்கிறார்கள். பிரிட்டனிலிருந்து ஈரானின் வடபகுதி வரை வளரும் ஐரோப்பிய யூ, வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில் வளரும் பசிபிக் யூ, ஜப்பானிய யூ, இமயமலைச் சரிவுகளில் வளரும் இமாலய யூ ஆகியவை அதிகம் பேசப்படுபவை. எல்லாமே பசுமை மாறாதவை. பெரிய மரங்களின் நிழலில், மற்ற கன்றுகள் வெளிச்சம் போதாமல் வாடிவிடும் இடத்தில், இவை பொறுமையாக நின்று வளரும்.

இலையைப் பார்த்தால் ஊசியிலை மரம் என்று சொல்லிவிடலாம். பைன், தேவதாரு ஆகியவற்றுக்கு உறவுதான். ஆனால் அவற்றில் காய்க்கும் மரக்கூம்பு இதில் இருக்காது. பனையைப் போலவே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் இலையுதிர் காலத்தில் சிவப்பாக ஒன்று தொங்கும். பழம் என்று பார்த்தவுடன் சொல்லத் தோன்றும், ஆனால் தாவரவியல் கணக்கில் அது பழம் இல்லை. பட்டாணி அளவுள்ள ஒரு சிவப்புக் கிண்ணம். வாய் திறந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் கரும்பச்சை நிறத்தில் ஒரே ஒரு விதை உட்கார்ந்திருப்பது தெரியும். கிண்ணத்தின் சதை வழவழப்பாகவும் இனிப்பாகவும் இருக்கும். பறவைகள் அதை முழுசாக விழுங்கி, சதையைச் செரித்து, விதையை உடைக்காமல் எச்சத்தில் வெளியேற்றும். மரம் இடம்பெயரும் வழி அதுதான்.

அந்தச் சதையைத் தவிர மரத்தின் மற்ற எல்லாப் பகுதிகளும் நஞ்சு. இலை, பட்டை, விதை, கட்டை எல்லாவற்றிலும் டாக்சீன் (taxine) என்னும் நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. இவை இதயத் தசையில் மின்னோட்டத்தை நடத்தும் வாயில்களைத் தடுத்து, துடிப்பைத் தாறுமாறாக்கி நிறுத்திவிடும். குதிரையும் மாடும் வெட்டிப்போட்ட யூ தழையைத் தின்றுவிட்டு, நோயின் அறிகுறி எதுவும் தெரிவதற்கு முன்பே விழுந்து இறந்த நிகழ்வுகள் ஏராளம். இலை காய்ந்தாலும் நஞ்சு குறைவதில்லை. ரோமானியர்களை எதிர்த்துத் தோற்ற எபுரோனியர் என்னும் பழங்குடியினரின் அரசன் கட்டுவோல்கஸ் யூ நஞ்சை உண்டு உயிரை விட்டதாக ஜூலியஸ் சீசர் எழுதிவைத்திருக்கிறார். விதையை மெல்லக் கூடாது, தழையைக் கால்நடைக்குப் போடக் கூடாது. யூ மரத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்.

இனி ஆயுள். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் ஃபோர்டிங்கல் என்னும் சிற்றூரின் தேவாலய வளாகத்தில் ஒரு யூ நிற்கிறது. 1769-ம் ஆண்டில் அதன் அடிமரத்தை அளந்தபோது சுற்றளவு 52 அடி, அதாவது ஏறக்குறைய 16 மீட்டர் இருந்தது. இன்று நடுப்பகுதி முழுவதும் அழிந்து, தனித்தனி மரங்கள் வட்டமாக நிற்பதுபோலக் காட்சியளிக்கிறது. அதன் வயது 2,000 முதல் 3,000 ஆண்டுகள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் இருக்கிறது. யூ முதுமையடையும்போது உள்ளே பொந்து விழும். எண்ணவேண்டிய பழைய வளையங்கள் மக்கிப் போய்விடும். ஆனால் மரம் சாவதில்லை. வெளி ஓட்டில் புது மரம் சேரும், பொந்துக்குள்ளேயே புதிய வேர் இறங்கும், தரையைத் தொட்ட கிளை வேர்பிடித்துக் கன்றாகும். ஃபோர்டிங்கல் மரம் ஆண் மரம் என்றே பதிவாகியிருந்தது. 2015-ம் ஆண்டில் அதன் ஒரு கிளையில் மட்டும் சிவப்புக் கிண்ணங்கள் காய்த்தன. அந்தக் கிளை மட்டும் பெண்ணாக மாறியிருந்தது. இவ்வளவு வயதுக்குப் பிறகும் ஒரு மரம் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கட்டைக்கு வருவோம். மரத்தின் வெளிர்நிற வெளிப்பகுதி உயிருள்ள பகுதி. வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றுவது அதன் வேலை. இதை வெளிமரம் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி அந்த வேலையை முடித்துவிட்டு இறுகிப்போனது. தச்சர்கள் சொல்லும் ‘வைரம் பாய்ந்த கட்டை’ இதுதான். பெரும்பாலான மரங்களில் இந்த இரண்டும் உண்டு. யூவின் தனித்தன்மை, இரண்டும் இரு வேறு குணங்களோடு ஒன்றையொன்று பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பது.

ஊசியிலை மரங்களின் கட்டையைப் பொதுவாக மென்மரம் என்று வகைப்படுத்துவார்கள். அந்தச் சொல் யூவைப் பொறுத்தவரை தவறான எண்ணத்தைத் தரும். ஒரு கன மீட்டர் உலர்ந்த பைன் கட்டை 500 கிலோ அளவில் இருக்கும்போது, யூ 650 முதல் 700 கிலோ வரை எடை காட்டும். பைன் கட்டையில் கையில் ஒட்டும் பிசின் இதில் இல்லை, அந்தப் பிசினை ஏந்தும் குழாய்களே இதன் உடலில் கிடையாது. வைரப்பகுதி ஈரத்தையும் பூச்சியையும் எளிதில் அண்டவிடாது. யூ கம்பம் இரும்புக் கம்பத்தைவிட நாள்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது.

இவற்றைவிட வியப்பான குணம் அதன் வளைவு. கனமான கட்டை வழக்கமாக விறைப்பாகவும் இருக்கும். அழுத்தினால் வளையாது, அதற்கு மேல் அழுத்தினால் முறியும். யூ இந்த வழக்கத்துக்கு உட்படாதது. மரத்தின் ஒவ்வொரு உயிரணுவும் ஒரு நீண்ட நுண்குழாய் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதன் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் சுற்றப்பட்டிருக்கும். பல மரங்களில் இந்த இழைகள் கிட்டத்தட்ட நேராக, குழாயின் நீளத்துக்கே ஓடும். யூவில் அவை நன்றாகச் சாய்ந்து, சுருள் கம்பியைப் போலச் சுற்றியிருக்கும். நேர்க்கம்பியை இழுத்தால் நீளாது, சுருளை இழுத்தால் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வரும். யூ கட்டை அதிகமாக வளைந்தும் முறியாமல் திரும்பி வருவதற்கு இந்தச் சாய்வு ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் குணத்தை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டான். இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் 1911-ல் கிடைத்த ஓர் ஈட்டிமுனை ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுகள் பழமையானது. இதுவரை கிடைத்துள்ள மரக்கருவிகளில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று. அது யூ மரம். ஜெர்மனியின் லேரிங்கன் என்னும் இடத்தில் 1948-ல் ஒரு பழங்கால யானையின் எலும்புகளுக்கு நடுவே கிடைத்த ஈட்டியும் யூதான். நம் இனம் ஐரோப்பாவில் கால்வைப்பதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள், சுற்றிலும் இருந்த அத்தனை மரங்களுக்கு நடுவே, இதைத் தேடி எடுத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையில் 1991-ல் பனிக்குள் உறைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட ஏட்சி என்னும் மனிதர் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய செம்புக் கோடரியின் காம்பு யூ. அவரோடு இருந்த வில்லும் யூ. அந்த வில் அவரைவிட உயரமானது, இன்னும் செதுக்கி முடிக்கப்படாதது.

வில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் யூவின் அருமை முழுதாகப் புரியும். நாணை இழுக்கும்போது வில் வளைகிறது. அப்போது வில்லாளியை நோக்கிய பக்கம் நசுங்குகிறது, எதிரியை நோக்கிய பக்கம் இழுபடுகிறது. நசுங்கும் பக்கத்துக்கு அழுத்தத்தைத் தாங்கும் பொருள் வேண்டும். இழுபடும் பக்கத்துக்குக் கிழியாமல் நீளும் பொருள் வேண்டும். மத்திய ஆசியாவில் இதற்காக விலங்கின் கொம்பை உட்புறமும் தசைநாரை வெளிப்புறமும் பசையிட்டு ஒட்டி, மாதக்கணக்கில் காயவைத்து வில் செய்தார்கள். யூ மரத்தில் இயற்கையே இதைச் செய்து வைத்திருக்கிறது. வைரம் அழுத்தத்தைத் தாங்கும். வெளிமரம் இழுப்பைத் தாங்கும். இரண்டும் பசையே இல்லாமல் ஒன்றோடொன்று பிறந்தவை.

எனவே வில் செய்பவர் மரத்தை ரம்பத்தால் கண்டபடி அறுப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளப்பார், மரத்தின் நார் எங்கே போகிறதோ அங்கேயே பிளவும் போகும். பிளந்த கழியை அவசரப்படாமல் நாள்பட உலர்த்துவார். பிறகு பட்டையை நீக்கி, வெளிமரத்தை மெல்லிய அடுக்காக மட்டும் விட்டுவைத்து, உட்புறத்தில் வைரத்தை உருட்டிச் செதுக்குவார். வெளிமரத்தில் ஒரே ஆண்டு வளையம் வில்லின் முதுகு நெடுகிலும் அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இழைப்புளி அந்த வளையத்தைத் தாண்டி இறங்கிவிட்டால், இழுக்கும்போது முதலில் பிளவு கிளம்புவது அந்த இடத்தில்தான். கணு வந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் கட்டையை மேடாக விட்டுவைப்பார். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வில்லின் வடிவம் அரைவட்டம் போலிருக்கும்: தட்டையான வெண்ணிற முதுகு, உருண்ட ஆரஞ்சு வயிறு.

இப்படிச் செய்த ஆங்கிலேய நெடுவில்தான் 1346-ல் கிரெசியிலும் 1415-ல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுப் படைகளை வீழ்த்தியது. ஆனால் அந்தப் போர்களில் பயன்பட்ட வில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. நெடுவில்லைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து வந்தது. எட்டாம் ஹென்றியின் ‘மேரி ரோஸ்’ 1545-ல் மூழ்கியது, 1982-ல் மேலே தூக்கப்பட்டது. அதில் 137 முழு வில்களும் 3,500-க்கும் மேற்பட்ட அம்புகளும் சேற்றுக்குள் பத்திரமாக இருந்தன. வில்களின் நீளம் 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை, ஆள் உயரத்தைவிட அதிகம். அவற்றை முழுதாக இழுக்க 45 கிலோவிலிருந்து 80 கிலோ வரையிலான எடையைத் தூக்கும் அளவு வலு தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள் எலும்பு இயல்பாக ஒன்றுசேராமல் இருந்தது. சிறுவயது முதலே கனமான வில்லை இழுத்துப் பழகியதன் அடையாளமாக அதைக் கருதுகிறார்கள்.

இங்கேதான் மரத்தின் வேகமும் மனிதனின் வேகமும் மோதிக்கொண்டன. இங்கிலாந்தில் வளர்ந்த யூ பெரும்பாலும் முறுக்கும் கணுவும் நிறைந்தது. நேரான, நெருங்கிய வளையம் கொண்ட கழி ஸ்பெயின், இத்தாலி, ஆல்ப்ஸ் மலைப்பகுதிகளிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. 1472-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது: சரக்கோடு வரும் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில் கழிகள் கொண்டுவர வேண்டும். 1484-ல் மூன்றாம் ரிச்சர்டின் ஆட்சியில், இறக்குமதியாகும் இனிப்பு ஒயின் பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் பத்துக் கழிகள் என்றானது. 16-ம் நூற்றாண்டில் நியூரம்பர்க் வணிகர்கள் தனியுரிமை வாங்கி, ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் யூ மரங்களைத் தேடித்தேடி வெட்டினார்கள். ஒரு நல்ல கழிக்கு நூறு ஆண்டு நின்ற மரம் வேண்டும். வெட்டுவதற்கு ஒரு பகல் போதும். 1560-களில் பவேரிய அரசே வெட்டுவதை நிறுத்தும்படி புனித ரோமப் பேரரசரிடம் மன்றாடும் நிலை வந்தது. 1595-ல் இங்கிலாந்து தன் படைப்பிரிவுகளில் வில்லுக்குப் பதில் துப்பாக்கி வைக்க ஆணையிட்டது. துப்பாக்கி வந்ததால் யூ பிழைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். மத்திய ஐரோப்பாவின் பல காடுகளில் பிழைப்பதற்கு அதற்குள் அதிகம் மீதமிருக்கவில்லை என்பதே என் எண்ணம்.

வில்லைத் தாண்டியும் இந்தக் கட்டைக்குப் பெரிய வாழ்க்கை இருந்தது. அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் 2003-ல் நடந்த அகழாய்வில் ஆறு யூ குழல்கள் கிடைத்தன. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ வெவ்வேறு நீளத்தில் குடைந்து செய்த இசைக்குழல்கள் அவை, விரல் துளை கிடையாது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரப் பழங்குடிகள் பசிபிக் யூவில் துடுப்பும் வில்லும் கிழங்கு தோண்டும் கோலும் செய்தார்கள். மற்ற மரத்தைப் பிளக்கும் ஆப்பையும் யூவிலேயே செய்தார்கள். கல்லால் அடித்து இன்னொரு மரத்துக்குள் இறக்கும் ஆப்பையே மரத்தில் செய்ய முடிந்தது என்றால், அந்தக் கட்டை எவ்வளவு உறுதி என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானில் அரசவைப் பிரபுக்கள் கையில் ஏந்தும் தட்டையான கோலை யூவில் செய்தார்கள். அங்கே ஹிடா மலைப்பகுதியில் சாயம் பூசாமல், வெள்ளையும் செம்பழுப்புமான இயற்கை நிறங்களையே உருவத்துக்குப் பயன்படுத்தி யூ சிற்பம் செதுக்கும் மரபு இன்றும் தொடர்கிறது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது லூட் என்னும் நரம்பிசைக் கருவி. 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் பாதுவா நகரத்துக் கருவிச் செய்வினைஞர்கள், லூட்டின் உருண்ட முதுகை மெல்லிய யூ பட்டைகளால் கட்டினார்கள். ஒவ்வொரு பட்டையையும் வெளிமரமும் வைரமும் பாதிப்பாதி வருமாறு அறுத்தெடுத்தார்கள். இருபது, முப்பது பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டியதும், முதுகு முழுவதும் வெள்ளைக் கோடும் செம்பழுப்புக் கோடும் மாறி மாறி ஓடும். வண்ணம் தீட்டியதில்லை, ஒட்டுவேலைப் பூவும் இல்லை. வில் செய்பவன் உறுதிக்காகத் தேடிய அதே எல்லைக்கோட்டை இவர்கள் அழகுக்காகத் தேடியிருக்கிறார்கள்.

நீராவியில் வைத்தால் நன்றாக வளையும் என்பதால் இங்கிலாந்தில் வின்ட்சர் நாற்காலிகளின் வளைந்த முதுகுச் சட்டத்தை யூவில் செய்தார்கள். இன்று இது கடைசல் வேலைக்கும் அலமாரிகளின் மேல்தகடாக ஒட்டும் வெனீருக்கும் பயன்படுகிறது. யூ கட்டையில் முதன்முறையாக வேலை செய்யப் போகிறவர் ஒன்றிரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. நார் நேராக ஓடும் இடத்தில் இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும், சுருள் சுருளாக ஆரஞ்சு நாடா விழும். கணுக்கள் கூடிய இடத்தில் நார் திசை மாறி, பெயர்ந்துகொண்டு வரும். அங்கே தகட்டைத் தீட்டி, மிக மெல்லியதாக எடுக்க வேண்டும். புதிதாக இழைத்த ஆரஞ்சு நிறம் வெளிச்சம் பட்டுப்பட்டு நாளடைவில் பொன்பழுப்பாக மாறும். தூசி உடலுக்குக் கேடு, முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது. கிண்ணமும் கரண்டியும் யூவில் கடைந்து விற்கிறார்கள். அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் உணவு பரிமாற வேண்டாம் என்பேன்.

இருபதாம் நூற்றாண்டில் கதை மறுபடியும் திரும்பியது. புற்றுநோய் மருந்துக்காக ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சோதிக்கும் அமெரிக்க அரசுத் திட்டத்துக்காக, 1962 ஆகஸ்டில் ஆர்தர் பார்க்லே என்னும் தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூவின் பட்டையைச் சேகரித்தார். மரம் வெட்டும் நிறுவனங்கள் அந்த மரத்தைக் குப்பையாகக் கருதி எரித்துக்கொண்டிருந்த காலம் அது. வட கரோலினாவில் மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி ஆகிய இரு வேதியியலாளர்கள் அந்தப் பட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டார்கள். டாக்சால் என்று பெயரிட்டார்கள், இன்று மருத்துவப் பெயர் பாக்ளிடாக்செல்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்களால் ஒரு சாரம் கட்டும். மரபுப்பொருளை இருபுறமும் இழுத்து வைப்பது அந்தச் சாரம்தான். அதற்குக் குழல்கள் தொடர்ந்து கட்டப்படவும் கழற்றப்படவும் வேண்டும். டாக்சால் அந்தக் குழல்களோடு ஒட்டிக்கொண்டு, கழற்ற முடியாமல் இறுக்கிவிடுகிறது. உயிரணு பிரிய வழியில்லாமல் மடிகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் புற்றணுக்களுக்கு இது பெரிய அடி. உயிரணுவைச் சிதைக்காமல் அதன் சாரத்தை மட்டும் உறையவைக்கும் இந்த வழி அதுவரை யாரும் கண்டிராதது. 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

பழைய சிக்கல் மீண்டும் வந்தது. ஆய்வின் தொடக்கக் கட்டத்தில் 1,200 கிலோ பட்டையிலிருந்து கிடைத்த தூய மருந்து 10 கிராம் மட்டுமே. யூவின் பட்டை மெல்லியது. அதை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு நோயாளியின் சிகிச்சைக்கே நூறு ஆண்டு வளர்ந்த மரங்கள் பல தேவைப்பட்டன. இமயமலைப் பகுதியிலும் மருந்துக்காகத் தழையும் பட்டையும் அளவின்றி எடுக்கப்பட்டு, இமாலய யூ அருகிவிட்டது. 1995-ல் அதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. நோயாளியின் உயிரா, காடா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று அந்தக் காலத்து விவாதங்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

விடை இலையில் இருந்தது. பிரான்ஸில் பியேர் பொத்தியே தலைமையிலான குழு, ஐரோப்பிய யூவின் இலைகளில் டாக்சாலுக்கு மிக நெருங்கிய ஒரு பொருள் நிறையவே இருப்பதைக் கண்டது. அதை எடுத்து ஆய்வகத்தில் மீதி அமைப்பைப் பொருத்தினால் மருந்து தயார். டோசிடாக்செல் என்னும் இன்னொரு மருந்தும் இந்த வழியில் பிறந்தது. ஃபுளோரிடாவில் ராபர்ட் ஹோல்டன் இதைத் தொழிற்சாலை அளவில் செய்ய வழி வகுத்தார். பின்னர் மரமே வேண்டாமல், யூவின் உயிரணுக்களைத் தொட்டிகளில் வளர்த்து மருந்தெடுக்கும் முறையும் வந்தது. பட்டையை உரித்தால் மரம் போய்விடும், இலையைக் கிள்ளினால் மறு ஆண்டும் தளிர்க்கும்.

யூவை வேலியாக நட்டு, சுவர் போலச் செதுக்கி வளர்ப்பது ஐரோப்பியத் தோட்டங்களின் பழைய வழக்கம். எவ்வளவு வெட்டினாலும் சலிக்காமல் துளிர்க்கும் மரம் என்பதால் அதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பிரிட்டனில் கோடையில் அந்த வேலிகளைக் கத்தரிக்கும்போது விழும் தழையை மருந்துக்காகச் சேகரிக்கத் தொடங்கினார்கள். முற்றிய கிளை உதவாது, அந்த ஆண்டு துளிர்த்த இளந்தழை மட்டுமே தேவைப்பட்டது. அதனால் கத்தரிப்பதற்கு முன் வேலியின் அடியில் துணி விரித்து, அதில் விழுவதை மட்டும் மண் படாமல் சுருட்டி எடுத்து, வாடுவதற்குள் அனுப்பிவைத்தார்கள்.